என் பாட்டு என்னிடம் திரும்பி வர ஐந்து வருடம் ஆனது

2019 ஆகஸ்டில் சென்னையில் ஒரு இசை நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து நாலு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது 21 வயது. நாலு பக்கமும் ஆங்கிலம். ‘அசைன்மென்ட்’ என்ற சொல் வரிக்கு வரி வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 25,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தார்கள். படியிறங்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டேன். “பாட்டுக்கா இம்புட்டு ரூவா குடுக்காவ?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

அந்தப் பாட்டே அம்மாவைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில், முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவள். முந்தின நாள் ஈரச்சாக்கில் சுற்றி வைத்த இலை, கத்தரி, மடியில் தட்டு, தட்டில் தூள். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ராத்திரி விளக்கடியில் எண்ணுவாள். கடைசிக் கட்டில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குறையும். “ஒண்ணு கொறையுதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு இலையை எடுப்பாள். என் சின்ன வயது முழுக்க அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறேன். கத்தரி இரண்டு தடவை சரக் சரக், பிறகு தட்டை ஒரு தடவை ஆட்டும்போது சல். மூன்று மூன்றாக வரும் அந்த ஓசைக்குத் திஸ்ர நடை என்று பெயர் இருப்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பாட்டின் தாளம் அதுதான். பல்லவி அம்மாவின் அந்த இரண்டு வார்த்தை.

சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாட ஆசைப்படும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் என்னிடம் “எப்படி ஆரம்பிப்பது, எந்த மைக் வாங்குவது” என்று கேட்கிறார்கள். மைக்கைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எனக்கு ஐந்து வருடத்தை விலையாக வாங்கிக்கொண்டது மைக் இல்லை. அந்த நாலு பக்கம்.

முதலில் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பள்ளிக்கூடம் எனக்கு. ஒன்று எங்கள் ஊர் தேவாலயத்தின் பாடகர் குழு. ஏழு வயதிலிருந்து ஆல்டோ வரிசையில், அதாவது சொப்ரானோவுக்குக் கீழே தாழ்ந்து பாடும் வரிசையில் நின்றேன். ஆல்டோவுக்குத் தனியாக மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பக்கத்து வரிசை சொப்ரானோ மேலே பறக்கும், பின்னால் டெனரும் பேஸும் வேறு வழியில் போகும், நம் சுரத்தை நாம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்றைக்கு ஒரு பாட்டுக்குப் பின்குரல் நான்கு அடுக்கு போடுகிறேன் என்றால் அது அங்கே கிடைத்தது.

இன்னொரு பள்ளிக்கூடம் ஆர்கெஸ்ட்ரா. 16 வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். கோயில் கொடை என்னும் ஊர்த் திருவிழா, கல்யாண வரவேற்பு, தேவாலயத்து அசன விருந்து எல்லாவற்றுக்கும் போவோம். கொடையில் ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் ஒரு மணி, ஒன்றரை ஆகும். முன்வரிசையில் ஆச்சிமார் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “பாப்பா, அந்தப் பழைய பாட்டப் படி” என்பார்கள். நான்கு வரிக்குள் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய் டீ குடிப்பார்கள். எங்கள் மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தார்: “எந்திரிச்சுப் போறவன் முதுகப் பாத்துப் பாடு. அவன் திரும்புனா நீ பாடுத.” முகப்பு இசையை ஒரு நிமிடம் இழுக்கும் பழக்கம் எனக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

ஒரு கொடையில், மழை வந்து கூட்டம் பாதியாகிவிட்ட நேரத்தில், என் பாட்டை என்னுடையது என்று சொல்லாமலே பாடினேன். பெண்கள் பக்கம் சலசலப்பு நின்றது. பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். முடிந்ததும் ஒரு அக்கா மேடையோரம் வந்து, “இது எந்தப் படத்துப் பாட்டுட்டி?” என்று கேட்டாள். எந்தப் படமும் இல்லை என்றேன். நம்பவில்லை. நம் ஊரில் பாட்டு என்றால் படத்தில் வர வேண்டும். தனிப்பாட்டுக்காரர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறோம்.

எழுதுவதைப் பற்றி ஒரு விஷயம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. தமிழில் மெட்டுக்கு எழுதும்போது பொருளுக்கு முன்னால் குறில் நெடில் நிற்கிறது. என் பல்லவியின் உச்சியில் ஒரு சுரத்தை நான்கு அட்சரம் இழுக்க வேண்டும். முதலில் மேடைத் தமிழில் “ஒன்று குறைகிறது” என்று எழுதியிருந்தேன். உச்சியில் வந்து நிற்பது ‘து’. அந்த உகரம் பேச்சிலேயே முழுதாக ஒலிக்காது, உதடு குவியாமலே பாதியில் அடங்கிவிடும். அதை மேல்ஸ்தாயியில் இழுத்தால் தொண்டை இறுகுகிறது, கேட்பவருக்கு வார்த்தையும் புரியவில்லை. மூன்று வாரம் மெட்டைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மா சொல்கிற மாதிரியே “ஒண்ணு கொறையுதே” என்று பாடிப் பார்த்தேன். ‘ஏ’ நெடில். வாய் திறக்கிறது, மூச்சு தாராளமாகப் போகிறது, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. மெட்டு வந்ததும் வார்த்தை தேட மாட்டேன். சினிமாக்காரர்கள் செய்வதுபோலத் தத்தகாரம் போட்டு, அதாவது வார்த்தை இல்லாமல் ‘தன்னன்னா’ என்று பாடி, போனில் பதிவு செய்துவிடுவேன். இழுக்கும் இடங்களில் மட்டும் ஆ, ஏ, ஓ என்று குறித்துக்கொள்வேன். அந்த இடத்துக்குப் பொருந்தும் வார்த்தைதான் வர வேண்டும். வேகமாக ஓடும் இடத்தில் நெடில் அடுக்கினால் நாக்கு தடுக்கும். அங்கே குறிலும் ஒற்றுமாகப் போட வேண்டும். ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’ எல்லாம் தாள வாத்தியம் மாதிரி. சரியான இடத்தில் விழுந்தால் டிரம்மே தேவையில்லை. பேச்சுத் தமிழில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. வாய் எந்தத் தமிழில் அழுகிறதோ அந்தத் தமிழில்தான் பாட்டும் வரும்.

அந்தத் தத்தகாரப் பதிவுகளைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். தேதியோடு இருக்கும் அந்தக் கோப்புதான் பாட்டு உங்களுடையது என்பதற்கு முதல் சாட்சி. நம் சட்டத்தில் பாட்டை உருவாக்கியதுமே காப்புரிமை (காப்பிரைட்) வந்துவிடுகிறது, பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சண்டை என்று வந்தால் எப்போது உருவாக்கினாய் என்று காட்டியாக வேண்டும். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பாட்டு 2019 கடைசியில் வெளியானது. ஓரளவுக்குப் போனது. 2020 ஊரடங்கில் ஊருக்குத் திரும்பி, அம்மா வீட்டில் இருந்தேன். மேடை இல்லை, வருமானம் இல்லை. அடுத்த வருடம் ஒருநாள் பக்கத்து வீட்டுத் தம்பி போனை நீட்டி, “அக்கா, ஒங்க பாட்டு விளம்பரத்துல வருது” என்றான். ஒரு கடையின் விளம்பரம். “ஒண்ணு கொறையுதே” என்ற இடத்தில் விலை குறைகிறது என்று காட்டியிருந்தார்கள். அம்மாவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் இலைக்குத் தண்ணீர் தெளித்தாள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்துவிட்டாயே என்றார்கள். ‘அசைன்மென்ட்’ என்றால் அதுதானாம். சென்னையில் காப்புரிமை வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் மேடத்திடம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அன்று சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அந்த வரியையும் மெட்டையும் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று, இதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். முதலாவது விதைநெல், இரண்டாவது அந்தப் போகத்து விளைச்சல். ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவர் அதன் தயாரிப்பாளர், சட்டப்படி அது பொதுவாக அவருக்குப் போகும். ஆனால் விதைநெல் எழுதியவரிடமே இருக்கிறது, அவராக எழுதிக் கொடுத்தால் ஒழிய. நான் இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அதன் பிறகுதான் மேடம் புன்னகைத்தார். “எத்தனை வருஷத்துக்குன்னு இதுல எங்கேயும் போடலையேம்மா.” 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக 2024 ஆகஸ்டில் வரியும் மெட்டும் எனக்குத் திரும்பிவிடும். பழைய ஒலிப்பதிவு அவர்களோடுதான் இருக்கும், ஆனால் அதே பாட்டை நான் புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். என் ஒப்பந்தம் அரைகுறையாக எழுதப்பட்டிருந்ததால் நான் தப்பித்தேன். நன்றாக எழுதிய ஒப்பந்தமாக இருந்தால் ‘காப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்று ஒரு வரி இருந்திருக்கும். வரிக்கும் மெட்டுக்கும் காப்புரிமைக் காலம் என்பது எழுதியவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 வருடமும். அந்த ஒரு வரியில் என் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போயிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. உரிமை வாங்கியவரோடு சரிபாதி பங்கு அவர்களுக்கு உண்டு. ‘ராயல்டி வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. ஆக விளம்பரத்தில் எனக்குப் பங்கு இருந்தது. நோட்டீஸ் அனுப்பி, எட்டு மாதம் அலைந்து, ஒரு தொகை வந்தது. பெரிய தொகை இல்லை. அம்மாவுக்கு ஒரு நாற்காலி வாங்கினேன். இத்தனை வருடம் தரையில் உட்கார்ந்து அவள் முதுகு போய்விட்டது.

அந்த நாட்களில்தான் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் கதையை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். 2005-ல், பதினைந்து வயதில், ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். ஆறு ஆல்பம். பாட்டை எழுதியவர் அவர், மாஸ்டர் நிறுவனத்துடையது. 2018-ல் வேறு நிறுவனத்துக்கு மாறுகிறார். 2019 ஜூன் கடைசியில் பழைய நிறுவனமே விற்கப்படுகிறது, அதோடு அந்த ஆறு ஆல்பத்தின் மாஸ்டரும் கைமாறுகிறது. அடுத்த வருடம் மறுபடியும் கைமாறுகிறது. எழுதிய உரிமை தன்னிடம் இருந்ததால் அவர் பழைய ஆல்பங்களை முதலிலிருந்து திரும்பப் பாடிப் பதிவு செய்தார். 2021-க்கும் 2023-க்கும் நடுவில் நான்கு ஆல்பம் அப்படி வந்தது. 2025 மே மாதம் பழைய மாஸ்டர்களையும் விலைக்கு வாங்கிவிட்டதாக அறிவித்தார்.

விற்பனைச் செய்தி உலகமெல்லாம் ஓடியது நான் கையெழுத்துப் போடுவதற்கு ஒன்றரை மாதம் முன்னால். திரும்பப் பதிவு செய்யப்போகிறேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது நான் கையெழுத்துப் போட்ட அதே ஆகஸ்டில். இரண்டையும் போனில் பார்த்தேன். எங்கோ பணக்காரர்கள் சண்டை என்று தள்ளிவிட்டுப் போனேன். முக்கூடல் பக்கத்துப் பெண்ணுக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு ஐ.பி.ஆர்.எஸ்.-ல் சேர்ந்தேன். 1969-லிருந்து இருக்கும் அமைப்பு, தலைமையகம் மும்பை. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளர் ஆகியோருக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தருகிறது. நம் பாட்டு வானொலியிலோ மேடையிலோ ஹோட்டலிலோ ஸ்ட்ரீமிங்கிலோ ஒலிக்கும்போது, எழுதியவர் பங்கு இந்த வழியாக வர வேண்டும். நான் எழுதவும் மெட்டமைக்கவும் செய்கிறேன் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து உறுப்பினர் ஆனேன். சேர்ந்தால் போதும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன், ஒரு வருடம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக, யாருக்கு எத்தனை சதவீதம் என்பதோடு அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும். பாட்டு பதிவாகவில்லை என்றால் அது ஒலித்தாலும் பணம் யாருக்குப் போவது என்று தெரியாமல் நின்றுவிடும்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். என் பெயரை ஒரு தளத்தில் இனிஷியலோடும் இன்னொன்றில் இல்லாமலும் ஏற்றியிருந்தேன். இரண்டு தனித்தனி ஆள் மாதிரி கணக்கு பிரிந்து கிடந்தது. ஒரே எழுத்துக்கூட்டல், எல்லா இடத்திலும். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு கொடுப்பார்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

நண்பர்களோடு வேலை செய்யும்போதுதான் இதைப் பேசவே வாய் வராது. என் இரண்டாவது பாட்டில் கீபோர்டு வாசித்த நண்பன், ஒரு ராத்திரி விளையாட்டாக வாசித்த எட்டு சுரம் பாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வாசிப்புக்குக் கூலி கொடுத்தேன். பாட்டு ஓடத் தொடங்கியதும் அவன் முகம் மாறியது. நான் சுருங்கிப் போனேன். ஆறு மாதம் பேசவில்லை. கடைசியில் அவன் வீட்டுக்குப் போய், “மெட்டுல உனக்கு முப்பது, எனக்கு எழுபது, சரியா?” என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான். பணத்துக்கு இல்லை, தன் பெயர் வர வேண்டும் என்றுதான் இருந்தானாம். இப்போது ஒத்திகை முடிந்து டீ வருவதற்குள் ஒரு தாளில் எழுதிவிடுகிறோம்: வரி யார், மெட்டு யார், எத்தனை சதவீதம், வாசித்தவர்களுக்குக் கூலியா பங்கா, தேதி, கையெழுத்து. அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். பாட்டு ஒன்றுமில்லாமல் இருக்கும்போது பங்கு பிரிப்பது சுலபம். எல்லோரும் தாராளமாக இருப்பார்கள்.

இப்போது மைக். 2022-லிருந்து சென்னை சாலிகிராமத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் இருக்கிறேன். பில்லி ஐலிஷ் என்று ஒரு பெண், 2015 நவம்பரில், பதின்மூன்று வயதில், அண்ணன் ஃபினியஸ் எழுதிய பாட்டைப் பாடி இணையத்தில் ஏற்றினாள். நடன ஆசிரியருக்காகப் பதிவு செய்தது அது. 2019-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியும் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர்கள் வீட்டில் அண்ணனுடைய படுக்கையறையிலேயே பதிவானது. 2020 ஜனவரியில் கிராமியின் நான்கு முக்கிய விருதுகளும் ஒரே இரவில் அவளுக்கு வந்தன. படுக்கையறை போதும் என்று இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் பட்டது. எட்டு வயதிலிருந்து அவள் சிறுவர் பாடகர் குழுவில் பாடியவள். அம்மா பாட்டு எழுதக் கற்றுக்கொடுத்தவர். அண்ணன் பல வருடமாக அந்த அறையில் பாட்டு செய்துகொண்டிருந்தவன். அறை கடைசியில் வந்தது.

அறைக்கு வருவோம். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வாங்கினேன். அது என் குரலோடு மின்விசிறி, கீழ்வீட்டுக் குக்கர் விசில், தெருவில் போகும் தண்ணி லாரி எல்லாவற்றையும் அழகாகப் பிடித்தது. விற்றுவிட்டு, மேடையில் பயன்படுத்தும் சாதாரண டைனமிக் மைக் வாங்கினேன். வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடினால் தூரத்துச் சத்தம் குறைவாக விழும். சுவருக்கு இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, முதுகுக்குப் பின்னால் துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்தால் எதிரொலி அடங்கிவிடுகிறது. பாய் அதற்கு உதவாது, கனமான துணி வேண்டும். விடியற்காலை இரண்டரையிலிருந்து நாலரை வரை என் நேரம். அதற்குப் பிறகு பால் வண்டி வந்துவிடும். ஒலியளவை அதிகம் ஏற்றாமல், உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் இருக்கும்படி பதிவு செய்யுங்கள். குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம். கிழிந்து பதிந்த குரலை யாரும் தைக்க முடியாது.

குரலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். 2023-ல் கொடைக் காலத்தில் தொடர்ந்து பல ராத்திரி பாடினேன். மேடையில் எங்களுக்குக் கேட்க வேண்டிய மானிட்டர் ஸ்பீக்கர் சரியில்லை. என் குரல் எனக்குக் கேட்காததால் கத்தினேன். முடிந்து ஒன்றரை மணிக்கு பரோட்டா சால்னா, உடனே வேனில் சாய்ந்து தூக்கம். ஒரு மாதத்தில் காலையில் குரல் கரகரத்தது, மேல்ஸ்தாயியில் காற்று மட்டும் வந்தது. சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு என்று இரண்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தார். இரண்டு குரல் நாண்களிலும் சின்னக் கணு. நடு ராத்திரிச் சாப்பாட்டால் புளித்து மேலேறிய அமிலமும் அந்த இடத்தை எரித்திருந்தது. கொஞ்ச நாள் முழு மௌனம், பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் மூன்று மாதம். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். அது குரல் நாணை இன்னும் இறுக்கும் என்று அவர்தான் சொன்னார். தொண்டையைச் செருமுவதும் அப்படியே.

அவர் கற்றுக்கொடுத்த பயிற்சி இன்றும் தினமும் உண்டு. டம்ளரில் கால்பாகம் தண்ணீர், அதில் ஸ்ட்ரா, ‘ஊ’ என்று குமிழி விட்டபடி சுரம் ஏறி இறங்க வேண்டும், ஐந்து நிமிடம். மேடைக்கு முன்னும் பின்னும் செய்கிறேன். கூடவே வெட்கத்தை விட்டு, சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாடக் கற்றுக்கொண்டேன். கேட்பவர்களில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் கஷாயத்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு நூறு ரூபாய் வந்தால் அதில் ஐம்பதுக்கு மேல் மேடை. முப்பது குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு. பத்து, பதினைந்து விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் எழுதுவது. மிச்சம்தான் ஸ்ட்ரீமிங்கும் ராயல்டியும். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஒலித்திருந்தால்தான் அதற்குப் பணம் கணக்காகும். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர் வேண்டும், கூடவே ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, ஷார்ட்ஸில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். இது தெரியாமல் வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் எண்ணோடு சொல்கிறேன். மேடைக்கு முன்பணம் பாதி வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். பணம் தருபவர் வருமான வரிக்கென்று முன்கூட்டியே 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தால் அது போய்விட்ட பணம் இல்லை. மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். மூன்று வருடம் நான் விட்டுவிட்டேன்.

2024 ஆகஸ்டில் ஐந்து வருடம் முடிந்தது. மேடம் ஒரு கடிதம் அனுப்பினார், பதில் வந்தது, மறுப்பு இல்லை. அக்டோபரில் ஊருக்குப் போனேன். பழைய பதிவில் கத்தரிச் சத்தம் கணினியில் செய்தது, எனக்கு எப்போதும் அது பிடித்ததில்லை. இந்தத் தடவை அம்மாவின் மடித்தட்டுக்குப் பக்கத்திலேயே மைக் வைத்தேன். மத்தியானம், வெயில், வீட்டில் வேறு யாரும் இல்லை. “எப்பவும் போல சுத்தும்மா, என்னயப் பாக்காத” என்றேன். முதல் பத்து நிமிடம் கை கூச்சப்பட்டது. அப்புறம் மறந்துவிட்டாள். சரக் சரக், சல். நாற்பது நிமிடம் பதிவு செய்தேன்.

குரலை சாலிகிராமம் அறையில் பாடினேன், ஒரு கட்டை இறக்கி. 21 வயதில் உச்சியில் கத்திய அந்த ‘தே’ இப்போது கொஞ்சம் தாழ்ந்து, மூச்சோடு வருகிறது. கீபோர்டு நண்பன் வந்து இரண்டே கைப்பிடி ஸ்வரம் வைத்தான். போகும்போது தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். வரி, மெட்டு, ஒலிப்பதிவு, மூன்றுக்கும் நேரே என் பெயர். அதற்குக் கீழே, தாளத்துக்கு, அம்மாவின் பெயர். அவளுக்கும் பங்கு எழுதினேன்.

வெளியிடும் முன்னால் அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

“கேட்டியாம்மா?”

“கேட்டேன். கத்தரிச் சத்தம் பெருசாக் கெடக்கு. நீ படிக்கது கேக்கணும்லா.”

கத்தரியை இரண்டு டெசிபெல் குறைத்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.